கணக்கில் வராத பால்

குழந்தை பிறந்த வீட்டில் ஆண்களுக்கென்று ஒரு சௌகரியமான வாக்கியம் உண்டு. "நான் என்ன பண்ண முடியும், பால் அம்மாதானே கொடுக்கணும்?" தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் இந்த வாக்கியத்தைத் தலைக்கு வைத்துப் படுத்துத்தான் தூங்கியிருக்கிறார்கள். என் தாத்தா திண்ணையில் தூங்கினார். அப்பா மொட்டை மாடியில் தூங்கினார். நானும் அதைச் சொல்லிப் பார்த்துப் பழகி, தயாராகத்தான் இருந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைப் பார்த்து "ரெண்டு" என்றபோதுகூடப் பெரிதாகக் கலங்கவில்லை. ரெண்டானாலும் பால் அம்மாதானே கொடுக்கணும்?

குடியைக் கெடுத்தது பால் புட்டி.

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் அவசரக்காரர்கள்தான். ஒருவன் இரண்டு கிலோ, இன்னொருவன் அதைவிடக் கொஞ்சம் கூட. அழத் தெம்பு இருந்தது. உறிஞ்சத் தெம்பு இல்லை. "தாய்ப்பாலை விடாதீங்க, பீச்சி எடுத்தும் கொடுங்க. பத்தாததுக்கு மட்டும் கொஞ்ச நாள் பவுடர் பால். எதுவா இருந்தாலும் பாலாடையில கொடுங்க, புட்டி வேண்டாம்" என்றார் குழந்தை டாக்டர். பாலாடை நல்ல பொருள்தான். கழுவுவது சுலபம். ஆனால் அது ஒரு குழந்தை, ஒரு பாட்டி, நிறைய அவகாசம் என்று மூன்றும் அமைந்த வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இங்கே பெரியவனுக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றி முடிப்பதற்குள் சின்னவன் தெருவையே கூட்டிவிடுவான். சில வாரம் பார்த்துவிட்டு டாக்டரே இறங்கி வந்தார். "சரி, ராத்திரிக்கு மட்டும் புட்டி. சுத்தம் முக்கியம். அப்பா உதவி பண்ணட்டும்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மருந்துக் கடைக்குப் போனேன். நான் வங்கியில் கேஷியர். எதையும் இரண்டாக வாங்கும்போது ஏதாவது சலுகை உண்டா என்று கேட்பது ரத்தத்தில் ஊறியது. புட்டி இரண்டு, பவுடர் டப்பா இரண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற திட்டம் யாருக்காக உருவாக்கப்பட்டதோ, அந்த மனிதன் சாட்சாத் நான்தான். கடைக்காரர் கையை விரித்தார். பால் பவுடரையும் பால் புட்டியையும் பற்றி 1992ல் ஒரு மத்தியச் சட்டம் போட்டு, 2003ல் அதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, பரிசுப் பொருள் கூடாது. டப்பாவில் குழந்தை படமோ தாய் படமோ போடக்கூடாது. அத்தோடு விட்டார்களா? தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். நல்ல சட்டம். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் நடுராத்திரி இரண்டு பக்கமும் அலறல் கேட்க, கண்ணில் பீளையோடு மூடியைத் திறக்கும் மனிதனிடம் டப்பாவே "இதை ஏன் வாங்கினாய்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? இவ்வளவு காசு கொடுத்து வாங்கி இவ்வளவு திட்டு வாங்குவது சிகரெட் பிடிப்பவருக்கு அடுத்தபடி நான்தான்.

பால் கலப்பது என்றால் என்ன? தண்ணீரில் பவுடர். இதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். முதல் தகவல், அந்தப் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. க்ரோனோபேக்டர் என்று ஒரு கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு. குறைமாதக் குழந்தைகளை அது படுத்திவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட வழிகாட்டியில், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொதிக்க வைத்த அரை மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். சரி, 70 டிகிரியில் கலந்தாயிற்று. அதைக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் அந்தப் பதம் வரும்வரை இரண்டு பிரஜைகளும் பொறுமையாக இருக்க வேண்டும். அவர்கள் இருப்பதில்லை. தண்ணீருக்கு முன்னால் பவுடரைப் போட்டுவிட்டால் அளவு தப்பிவிடும். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். நான் வாங்கிய டப்பாவில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலை தட்டி, அழுத்தாமல்.

"ஒரு கரண்டி கூடப் போடுடா, சதை பிடிக்கட்டும். எலும்பும் தோலுமா கிடக்குதுங்க" என்பாள் என் அம்மா.

"கெட்டியாப் போனா பிஞ்சு சிறுநீரகத்துக்குப் பாரம்மா. வயிறும் இறுகிடும்."

"அப்ப தண்ணியா கொடு."

"தண்ணியாப் போனா சத்து இருக்காது."

"இதெல்லாம் பாத்தா உன்னை வளத்தேன்? நீயே அமுல் டப்பாவுல வளந்தவன்தான்டா."

எனக்கு இது புதுச் செய்தி. அதுவரை வீரத் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவன் என்ற எண்ணத்தில்தான் சில விஷயங்களில் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு சின்ன வரலாறும் இருக்கிறது. எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்குச் செரிக்கக்கூடிய உணவு தயாரிக்கும் முறையை மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார்தான் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து ஆனந்தில் அமுல்காரர்கள் தயாரித்தார்கள். அதுவரை வெளிநாட்டு டப்பாதான். ஆக, என் உடம்பில் ஓடுவது குஜராத் எருமைப் பால், கர்நாடகத் தொழில்நுட்பம். சுறுசுறுப்பு விஷயத்தில் என்னை எருமை என்று மனைவி சொல்லும்போது அம்மா ஏன் மறுத்துப் பேசுவதில்லை என்பதும் இப்போது விளங்கியது. அந்த டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. உளுத்தம்பருப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

புட்டி கழுவுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். ஒரு புட்டி என்பது ஒரு புட்டி அல்ல. குடுவை, கழுத்து வளையம், நிப்பிள், நிப்பிளை மூடும் தட்டு, மேல் மூடி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை என்றால் நாளுக்கு எட்டு வேளை, இரண்டு பேருக்குப் பதினாறு. இதில் புட்டி பாதி, பாலாடை பாதி என்று வைத்துக்கொண்டாலும் தொட்டி முற்றத்தில் நாள் முழுக்க வளையங்களும் மூடிகளும் கவிழ்ந்து கிடக்கும். எதுவும் எதோடும் சேராது. ஒரு கம்பெனி வளையம் இன்னொரு கம்பெனிக் குடுவையில் மாட்டினாற்போல மாட்டி, சாய்க்கும்போதுதான் கழன்று விழும். நிப்பிளில் பால் தங்கும் மூலையை பிரஷ்ஷால் தேய்த்து, எல்லாவற்றையும் வேகவைக்க வேண்டும். அதற்கென்று மெஷின் விற்கிறார்கள். வீட்டில் இட்லிப் பானை இருக்கும்போது மெஷின் எதற்கு என்று நான்தான் யோசனை சொன்னேன். மறுநாள் ஊரிலிருந்து குழந்தைகளைப் பார்க்க வந்த பெரிய மாமா, ஆவி பறக்கும் பானையைப் பார்த்து, கை கால் கழுவிக்கொண்டு வந்து, இலை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்னி தயாராக இருந்தது. என் மனைவியின் அம்மா, அதாவது அத்தை, மூடியைத் திறந்தார். தட்டுக்கு நாலு நிப்பிள் நன்றாக வெந்திருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு புட்டி இருந்தது. கண்ணாடிக் குடுவை, அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய், குழாய் முனையில் காம்பு. புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், குழந்தை படுத்தவாக்கில் தானே உறிஞ்சிக்கொள்ளும். யாரும் பிடிக்க வேண்டியதில்லை. சந்தேகமே இல்லை, என்னைப் போன்ற ஒரு தகப்பன் மூளையில்தான் அது உதித்திருக்க வேண்டும். குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லாமல் அதில் கிருமி குடியேறி, எத்தனையோ குழந்தைகள் போனபின் ஊரார் அதற்குக் கொலைப் புட்டி என்று பெயர் வைத்தார்கள். தலையணையை அண்டக் கொடுத்துப் புட்டியை நிறுத்தி வைத்துவிட்டு நாம் கொஞ்சம் கண்ணயரலாமே என்று நானும் டாக்டரிடம் கேட்டேன், பொது அறிவுக்காகக் கேட்பதுபோல. புரை ஏறினால் யார் பார்ப்பது, கையில்தான் பிடிக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சரி, பிடிக்கலாம். யாருக்கு முதலில்?

அத்தைக்கு இதில் குழப்பமே இல்லை. "பெரியவன்தானே மாப்பிள்ளே, அவனுக்கு முதல்ல கொடுங்க." பெரியவன் இரண்டு நிமிடம் பெரியவன். நைஜீரியாவில் யோருபா மக்களிடம் இந்தக் கணக்கு தலைகீழ் என்று படித்திருந்தேன். அங்கே முதலில் பிறப்பவன் டைவோ, அடுத்து வருபவன் கெஹிண்டே. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று டைவோவை முன்னால் அனுப்பிவிட்டு, சாவகாசமாக வருகிறவன்தான் மூத்தவனாம். இதை அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அங்க கொள்ளி யாரு வைக்கறது?" என்றார். பதில் தெரியவில்லை. பெரியவனுக்கே முதல் புட்டி போயிற்று.

அதற்கு முன்னால் பெரியவன் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? இருவரும் ஒரே அச்சு. அடையாளத்துக்கு ஒருவனுக்கு வசம்பு வளையம், இன்னொருவனுக்குக் கருப்புக் கயிறு. குளிப்பாட்ட வரும் பாட்டி இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய், சீயக்காய், சாம்பிராணி எல்லாம் முடிந்ததும் கைக்கு வந்ததைக் கைக்கு வந்தவனுக்கு மாட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசியில் மனைவி தன் நெயில் பாலிஷை எடுத்துப் பெரியவனின் கால் கட்டைவிரலில் சிவப்பாக ஒரு தீற்று தீற்றினாள். இதனால் எங்கள் வீட்டில் பால் கொடுப்பது என்பது சாக்ஸைக் கழற்றுவதில் தொடங்கும்.

கணக்கு எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் நான் உருப்படியாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். நீளமான ஒரு நோட்டு, கோடு போட்டு: தேதி, மணி, யார், தாய்ப்பாலா பவுடரா, எத்தனை மில்லி, ஏப்பம் உண்டா, ஈரம் எத்தனை, கொடுத்தவர் கையெழுத்து. முதல் வாரம் தாண்டிய குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்பது டாக்டர்கள் வைக்கும் உத்தேசக் கணக்கு. இரண்டு கிலோவுக்கு 300. எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 37.5. இந்த அரை மில்லியை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மனைவி, "அது குடிக்கறதைக் குடிக்கட்டுங்க" என்றாள். அரை மில்லி என்பது ஐம்பது காசு மாதிரி. யாரும் வாங்கமாட்டார்கள், ஆனால் சட்டப்படி செல்லும். கேஷியருக்குத்தான் அந்த வலி தெரியும்.

நோட்டு சில நாளிலேயே உதைக்க ஆரம்பித்தது. சின்னவன் ராத்திரி புட்டியை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பினான். என் கணக்குப்படி அவன் பசியில் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். டப்பாவில் பவுடர் குறைந்திருந்தது, நோட்டில் பால் ஏறவில்லை. கையிருப்புக்கும் பேரேட்டுக்கும் வித்தியாசம் வந்தால் நாங்கள் கேஷ் அறையை விட்டு வெளியே போகமாட்டோம். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. மாலையில் மனைவி கண்ணயரும் நேரம் பார்த்து, என் அம்மா முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு தொட்டில் பக்கம் போனாள். கையில் வெள்ளிச் சங்கு. எனக்கு வாங்கியது, என் தங்கைக்கும் ஊற்றியது. "பாவம்டா, என்னைப் பாத்து வாயைச் சப்புக்கொட்டினான், ரெண்டு சங்கு கொடுத்தேன்." எந்த நோட்டிலும் வராத பால். அத்தையும் கூட்டு. ஒருவர் ஊற்ற, ஒருவர் வாசலில் நின்று காவல். சம்பந்திகள் இருவரும் கல்யாணத்தில் ஒரு சொம்புக்காகப் பேச்சை விட்டவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. இனிமேல் எழுதிவிட்டு ஊற்றுங்கள் என்றேன். "பேரனுக்குப் பால் ஊத்த உங்கிட்ட கையெழுத்துப் போடணுமாடா?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

மீந்த பால் இன்னொரு தகராறு. குழந்தை வாய் வைத்த பாலை எடுத்து வைத்துத் திரும்பக் கொடுக்கக்கூடாது. கலந்து இரண்டு மணி நேரம் வெளியில் இருந்ததையும் கொட்டிவிட வேண்டும். பாலைக் கொட்டுவது எங்கள் அம்மாவுக்கு மகாலட்சுமியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. சில நாளாகவே என் காலைக் காபியில் ஏதோ வாசனை வித்தியாசமாக இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். எடை ஏறியது குழந்தைகளுக்கு மட்டுமல்ல.

ராத்திரி வேளைக்கு வருகிறேன். ஒருவன் எழுந்தால் மற்றவனையும் எழுப்பி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விடிய விடிய மாறி மாறிக் கச்சேரிதான். இரண்டு மணி வேளை என்னுடையது. மனைவிக்கு அந்த ஒரு வேளைதான் தொடர்ச்சியான தூக்கம். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையணை அணைத்து, இருவரையும் தலை உயர்த்திச் சாய்த்து, வலது கையில் ஒரு புட்டி, இடது கையில் ஒரு புட்டி. செங்குத்தாகச் சாய்க்கக்கூடாது, நிப்பிள் நிறையப் பால் இருக்கும்படி ஏறத்தாழப் படுக்கை வசமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கவிட வேண்டும். எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. உறிஞ்சும் சத்தம் மட்டும். புட்டிக்குள் சின்னச் சின்னக் குமிழியாக ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து என் மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது.

கை இரண்டும் வேலையில். முதலில் கீழுதட்டைப் பிதுக்கி ஊதிப் பார்த்தேன். அது இறக்கையைச் சரிசெய்துகொண்டது. மூக்கைச் சுளித்தேன். இடம் மாறி, இன்னும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஊசியை இறக்கியது. வீட்டில் அந்த நேரம் மூன்று பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு மட்டும் மில்லிக் கணக்கு கிடையாது. பொறுக்க முடியாமல் தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினேன். கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தமும் வந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இருட்டில் விரித்த கையோடு ஒருத்தர் தலையை ஆட்டினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எந்த ஆத்தா வந்திருக்கே?" என்று மெல்லக் கேட்டார். கொசு என்றேன். நம்பவில்லை. காலையில் விபூதி பூசிவிட்டுத்தான் காபி கொடுத்தார்.

குடித்து முடித்தால் ஆயிற்றா? ஏப்பம். ஆளுக்கொரு தோளில் போட்டு, ஒவ்வொரு கையாலும் ஒவ்வொரு முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். நல்ல தெளிவான ஓர் ஏப்பம் வந்தது. யாருடையது? இரண்டு காதுக்கும் சம தூரம். ஏப்பம் விட்டவனைப் படுக்க வைக்கலாம், விடாதவனைப் படுக்க வைத்தால் கக்கிவிடுவான். இருவர் முகத்திலும் ஒரு தடயமும் இல்லை. உத்தேசமாக ஒருவனைப் படுக்க வைத்தேன். கக்கினான். துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் தோளில் இருந்தவனும் தன் பங்கை முதுகுப் பக்கமாக இறக்கினான். அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போன நாள்களும் உண்டு. கவுன்டரில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர் என் தோளைப் பார்த்து, "கக்குற பிள்ளை தக்கும் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். பின்னால் நின்ற வரிசை முழுக்க ஆமோதித்தது.

புகழ் வரத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஒருநாள் சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து ஒருவனுக்குப் புட்டி பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு புட்டி. எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்துவிட்டு, "எவ்வளவு பொறுப்பு பாருங்க! எங்க வீட்டுக்காரர் துண்டைக்கூடத் தானா எடுத்துக்கமாட்டார்" என்றார். செய்தி தெரு முழுக்கப் போயிற்று. காய்கறி வண்டிக்காரர் வணக்கம் வைத்தார். நானும் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்து, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். உள்ளே என் மனைவி ஒருவனுக்குத் தாய்ப்பால் கொடுத்து, அவன் தூங்கியதும் பம்ப் வைத்துப் பால் எடுத்து, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து, புட்டிகளை வேகப்போட்டு, அடுத்தவனை எடுத்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் பொறுப்பு என்ற வார்த்தையை எடுத்ததில்லை. "பால் பத்தலையாம்மா? பூண்டு நிறையச் சேத்துக்கோ." "பால்சுறா புட்டு பண்ணிச் சாப்பிடு." "வெந்தயக் கஞ்சி குடிக்கறியா? குடிக்கணும்." "நாங்கல்லாம் புட்டியைக் கண்ணால பாத்ததில்ல." இப்படிச் சொன்னவர்களிலேயே ஒருவர், போகும்போது வாசலில் என்னைத் தாண்டுகையில் நின்று என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கித் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஐந்து மணி வேளையும் என்னுடையதாயிற்று.

போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது எடை பார்த்தார்கள். இருவரும் நன்றாக ஏறியிருந்தார்கள். நோட்டை நீட்டினேன். டாக்டர் நாலு பக்கம் புரட்டி, "இவ்வளவு விவரமா எந்த அப்பாவும் எழுதினதில்ல" என்றார். பக்கத்தில் மனைவி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது, டாக்டருக்குக் கேட்கவில்லை.

நேற்று என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ராத்திரி போன் பண்ணினார். அவர் மனைவிக்கும் ஸ்கேனில் இரண்டு என்று சொல்லிவிட்டார்களாம், கை கால் ஓடவில்லை, அனுபவஸ்தர் நீங்கள்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். 70 டிகிரியில் தொடங்கினேன். கரண்டியைத் தலை தட்டுவது, நிப்பிளில் சொட்டு எப்படி விழ வேண்டும், இட்லிப் பானையில் எவ்வளவு தண்ணீர், தகப்பன் என்பவன் இந்தக் காலத்தில் எப்படிச் சரிபாதி தோள் கொடுக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். கீழே இரண்டு குரலும் எழுந்தன. "ஒரு நிமிஷம் தம்பி, இந்த ஏப்பம் விஷயத்தை மட்டும் சொல்லிடறேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் அடங்கியது, பிறகு இன்னொன்று. விஷயத்தை முடித்துவிட்டு இறங்கி வந்தபோது இரண்டு புட்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தன. நோட்டில் மணி, அளவு, ஏப்பம் எல்லாம் மனைவியின் கையெழுத்தில் ஒழுங்காக ஏறியிருந்தது. கொடுத்தவர் என்ற கட்டம் மட்டும் காலி. தூக்கக் கலக்கத்தில் விட்டிருப்பாள். பேரேட்டில் காலிக் கட்டம் இருக்கக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.